மீன்பெட்டிக்குள் முப்பத்திரண்டு

மீற்றருக்கு முன்னால் நின்ற ஆட்கள் இவர்கள். வீட்டைத் தன் பேரில் வாடகைக்கு எடுத்திருந்த மன்னார் அண்ணை. அவருடைய மனைவி, கையில் சூடு ஆறாத அயன்பெட்டியோடு. சியாகுல்லியில் மந்தரீன் பழத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற யாழ்ப்பாணத்தார். அவருடைய மனைவி, முழுகின தலையில் துவாய் கட்டினபடி. நான். பாம்பைக் கொண்டு வந்த அவ.

ஆறு பேர். பாம்பு மேலே, எங்கள் வீட்டில், மீன்பெட்டிக்குள் கிடந்தது.

இடம் பலேர்மோ நகரத்தில் போர்கோ வெக்கியோ. தை மாதம், காலமை. படிக்கட்டின் அடியில் மீற்றர். அந்த வீட்டுக்குக் கரண்ட் மூன்று கிலோவாட்தான். அதுக்கு மேல் இழுத்தால் மீற்றர் டக் என்று விழும். ஆராவது இறங்கி வந்து தட்டிவிட வேண்டும். அந்தக் கிழமை நாளுக்கு மூன்று தரம் விழுந்தது.

"பாம்பு வந்தாப் பிறகுதான் இந்தக் கூத்து," என்றார் மன்னார் அண்ணை. "அதுக்குச் சூடு வேணுமெண்டு இரவு பகலா லைற் எரியுது. பாம்பு போகோணும். இல்லாட்டி நீர் போகோணும்."

அவ சண்டை பிடிக்கவில்லை. "மேலை எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு வாங்கோ. பாம்பின்ரை பல்ப் மட்டும் எரியட்டும்," என்றா.

நான் போய் நிப்பாட்டிவிட்டு வந்தேன். மீற்றர்க் கண்ணாடிக்குள் ஒரு தட்டு. அதன் விளிம்பில் சிவப்புப் பொட்டு.

"அந்தப் பொட்டு ஒருக்கால் சுத்தி வருமட்டும் நில்லுங்கோ."

நின்றோம். பொட்டு வரவில்லை. யாழ்ப்பாணத்தார் சுவரில் சாய்ந்தார். அவர் மனைவி துவாயை அவிழ்த்துத் தலையைத் துவட்டி, திரும்பக் கட்டினா. அதுக்குப் பிறகுதான் பொட்டு வந்தது.

"இப்ப சுடுதண்ணிச் சிலிண்டர்," என்றா அவ.

நான் மேலே ஓடினேன். தட்டு சுழலத் தொடங்கியது.

"இப்ப இவவின்ரை அயன்பெட்டி. பிறகு கரண்ட் அடுப்பு."

இறங்கி வந்து அயன்பெட்டியை வாங்கிக்கொண்டு போய்ப் பூட்டினேன். அடுப்பையும் போட்டதும் டக் என்று விழுந்தது. நான் இருட்டில் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தேன்.

"பாம்பு அயன் பண்ணுறேல்லை அண்ணை," என்றா அவ. "குளிக்கிறதும் இல்லை."

யாழ்ப்பாணத்தார் சிரித்துவிட்டார். மன்னார் அண்ணை சிரிக்கவில்லை. மனைவியையும் அயன்பெட்டியையும் பார்த்தார். நான் மீற்றரைத் தட்டிவிட்டேன். பாம்பு போகவில்லை. அவவும் போகவில்லை.

அவவின் பேர் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அந்தப் பேரைக் கண்ட வாயில் விட அவவுக்கு விருப்பமில்லை.

பொலிதேயாமா நாடகக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு ஐந்து மாடிக் கட்டடம். நான் அங்கே படி கழுவுகிறவன். பாம்பு எங்கள் வீட்டுக்கு வரமுதல் அவ மூன்றாம் மாடியில் ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை. வீட்டு அம்மாவை அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவது. போன புதிதில் சிஞ்ஞோரா அவவை மரியா என்று கூப்பிட்டா. முந்தி நின்ற வேலைக்காரியின் பேர் அது. நாக்குக்குச் சுகமாக இருந்ததாம். அவ திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று நாள் அப்படிப் போனது.

"உனக்குக் காது கேளாதா?" என்று சிஞ்ஞோரா கேட்டாவாம்.

"கேக்கும். மரியா வேலையை விட்டுப் போயிட்டா."

நாலாம் நாள் சிஞ்ஞோரா அவவின் சொந்தப் பேரை மூன்றாக உடைத்துச் சொன்னா. ஆனால் சொன்னா.

அவ நாற்பது தாண்டினவ. மெலிவு. காலுக்குப் பெரிய சப்பாத்து. கதை குறைவு, என்னைப் போல. ஆனால் என் வாய் மூடியிருந்தால் அது பயம். அவவின் வாய் மூடியிருந்தால் அவ முடிவெடுத்துவிட்டா என்று அர்த்தம். ஒரு விசயத்துக்கு ஓம் என்று சொல்லமுதல் நல்லாக யோசிப்பா. சொன்னால் முடிந்தது. மழையென்றாலும் வருத்தமென்றாலும் அதுதான்.

அந்தப் பாம்புக்கு அவ ஓம் சொல்லியிருந்தா.

சிஞ்ஞோராவின் மகனுடைய பாம்பு அது. சின்னச் சாதி மலைப்பாம்பு. மூன்றரை அடி. கறுப்பில் தேன் நிறத் திட்டு. பெடியனுக்கு இருபது வயது. அப்போது அந்த நாட்டில் பெடியங்கள் எல்லாரும் ஒரு வருசம் பட்டாளத்துக்குப் போக வேண்டும். இவனுக்கு வடக்கே, எல்லைப் பக்கம் விழுந்தது. ஐப்பசியில் வெளிக்கிட்டான். வெளிக்கிடமுதல் பாம்பைத் தாயிடம் ஒப்படைக்கவில்லை. அவவிடம் ஒப்படைத்தான்.

"பெட்டியின் இந்தப் பக்கம் முப்பத்திரண்டு டிகிரி," என்று காட்டினான். "அந்தப் பக்கம் இருபத்தாறு. எது வேணுமோ பாம்பு தானே அங்கே போகும். சூடு குறைஞ்சா தின்னாது. தின்றாலும் செமிக்காது, உள்ளுக்கே அழுகிச் செத்துப்போகும். நான் வரும்வரைக்கும் பார்ப்பீங்களா?"

அவவுக்குப் பாம்பு பிடிக்காது. எனக்கே சொல்லியிருக்கிறா, "மன்னாரிலை மூண்டு அடிச்சிருக்கிறன் தம்பி." ரெண்டு நாள் யோசித்தா. பிறகு அவனுக்கு ஓம் என்றா. தமிழில்தான் சொன்னா. அந்தச் சொல் அவனுக்குத் தெரியும். சின்னனிலிருந்தே அவ சொல்லக் கேட்டவன்.

மார்கழி முடிய நல்ல குளிர். ஒருநாள் சிஞ்ஞோரா சொன்னா, "அந்தப் பெட்டியின் கரண்டை நிப்பாட்டு. அது நித்திரை கொள்ளும். பிறகு எழும்பாது. வருத்தம் வந்து செத்துப்போச்செண்டு மகனுக்கு எழுதுறன். குளிர் செய்யிற வேலை. எங்கள் கையில் பாவமில்லை."

"உங்கடை மகனுக்கு நான் ஓம் எண்டு சொன்னனான்," என்றா அவ.

"சம்பளம் தருகிறது நான்."

"ஓம் சொன்னது முந்தி."

"அப்ப அதையும் கொண்டு வெளியே போ."

நான் இரண்டாம் மாடிப் படியில் வாளியோடு நின்றேன். அவ இறங்கி வந்தா. கோட்டுப் பொத்தான் கழுத்துமட்டும் பூட்டியிருந்தது. வயிறு புடைத்திருந்தது.

"தம்பி, வேலை போச்சு," என்றா. "வாளியை வச்சிட்டு எனக்கு முன்னாலை நட. சனம் என்னிலை முட்டாமல் பாத்துக்கொள்."

"உள்ளுக்கு என்ன அக்கா?"

"பாம்பு. தலையணை உறைக்குள்ளை இருக்கு. நட."

நடந்தேன். நாங்கள் எல்லாரும் சேர்ந்திருந்த போர்கோ வெக்கியோ வீடுவரைக்கும் நடந்தேன். வேறென்ன செய்வது.

கண்ணாடிப் பெட்டியை அவ கொண்டு வரவில்லை. அதன் சூடு காட்டுகிற கருவியையும் தொடவில்லை. அவை வீட்டுச் சாமான் என்றா. போர்கோ வெக்கியோச் சந்தையில் ஒரு மீன்காரன் இருந்தான். அவனிடம் மீன் வருகிற, பாரமில்லாத வெள்ளை நுரைப்பெட்டி ஒன்று வாங்கினா, பெரியது. ஐஸ் கரையாமல் குளிரைப் பிடித்து வைக்கிற பெட்டி சூட்டையும் பிடித்து வைக்கும் என்று அவவே கண்டுபிடித்தா. நாலு தரம் கழுவியும் மீன் மணம் போகவில்லை. பால்மாத் தகரப் பேணியில் ஆணியால் ஓட்டை குத்தி, அதுக்குள் பல்பைப் பூட்டினா. பாம்பு நேரே பல்பில் பட்டால் வேகும். பேணி அதுக்காக.

சூடு பார்க்க ஒன்றும் இல்லை. என்னிடம் காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாய் இருந்தது. கொடுத்தேன். போன கிழமைதான் எனக்குக் காய்ச்சல் வந்து மாறியிருந்தது.

காலமை அதைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தாவாம். முப்பத்தெட்டு. கூடிப்போச்சென்று பல்பை நிப்பாட்டினா. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தா. முப்பத்தெட்டு. மூடியைத் திறந்தா. அதே முப்பத்தெட்டு. ஜன்னலையும் திறந்துவிட்டா. நான் மத்தியானம் வேலையால் வர, அவ கோட்டுப் போட்டபடி பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தா. வீடு ஐஸாகக் கிடந்தது. பாம்பு காய்ந்த கயிறு மாதிரி.

"சூடு இறங்குதில்லைத் தம்பி," என்றா.

"அக்கா, இது உதறினால்தான் இறங்கும். இது என்ரை காய்ச்சல்."

உதறினேன். முப்பத்தைந்துக்கு வந்து நின்றது. அதுக்குக் கீழே அதில் கோடே இல்லை.

அவ எழும்பினா. ஜன்னலைச் சாத்தினா. கட்டிலில் படுத்து, சட்டைக்கு உள்ளே, வெறும் வயிற்றில் பாம்பை வைத்தா. என்னுடைய போர்வையையும் வாங்கி மூடினா. அன்று பின்னேரம் வேறொரு வீட்டில் வேலை விசயமாக அவவை வரச் சொல்லியிருந்தார்கள்.

"போகேல்லையோ அக்கா?"

"போறேல்லை."

"வேலை அக்கா."

"வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணி போடு. குளிர் என்ரை குடலுக்குள்ளை போகுது."

இரண்டு தரம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். வெளியில் பொழுதுபடுகிற நேரம் சொன்னா, "அசையுது." மற்றப்பக்கம் திரும்பிப் படுத்தா. அவ்வளவுதான்.

அடுத்த கிழமை யாழ்ப்பாணத்தார் சியாகுல்லியால் வரும்போது பையில் பழமும், தகட்டில் பூட்டின ஒரு சூடுமானியும் கொண்டு வந்தார். தோட்டத்தில் மரத்தில் தொங்கவிடுகிறதாம். பனி விழுந்தால் பழம் கெட்டுவிடும் என்று அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். தோட்டக்காரனிடம் கேட்டு வாங்கியிருந்தார். பாம்பு வேண்டாம் என்று முதல் நாள் சத்தம் போட்டவர் அவர்தான்.

"இது தானே இறங்கும், தானே ஏறும்," என்று மேசையில் வைத்தார். "உதறத் தேவையில்லை."

அவ அதைப் பெட்டிக்குள் கட்டினா. கட்டிவிட்டு, "நல்ல பழம்," என்றா. நன்றி சொல்கிற பழக்கம் அவவுக்கு இல்லை.

அன்றிலிருந்து காலமை எழும்பினதும் அதைப் பார்ப்பா. முகம் கழுவுகிறது பிறகுதான். குறைந்தால் பெட்டிக்கு மேல் கம்பளிச் சட்டை போடுவா. கூடினால் மூடியை ஒரு விரல் திறப்பா. எத்தனை என்று ஆரும் கேட்டால் பார்க்காமலே சொல்லுவா, "முப்பத்திரண்டு." நான் இரண்டு மூன்று தரம் போய்ப் பார்த்திருக்கிறேன். முப்பத்திரண்டுதான்.

அதுக்குள் சிஞ்ஞோரா தன் வேலையைச் செய்துவிட்டா. பொலிதேயாமாப் பக்கத்துச் சிஞ்ஞோராமார் எல்லாரும் ஒருத்தரோடு ஒருத்தர் போனில் கதைக்கிறவர்கள். என் மகனுடைய பாம்பைக் களவெடுத்துக்கொண்டு போனவள், விற்கப் போறாள் என்று சொல்லிவிட்டா. மகனுக்கும் அப்படித்தான் எழுதினா. ஒரு வீடும் அவவை எடுக்கவில்லை. வீட்டு வேலைக்காரிக்குக் கள்ளி என்று பேர் வந்தால் பிறகு அந்த ஊரில் கதவு திறக்காது. எங்கள் ஆட்களிலும் சிலர் நம்பினார்கள்.

"பெடியனுக்கு ஒரு கடிதம் போடுங்கோவன் அக்கா. நடந்ததைச் சொல்லுங்கோ," என்றேன்.

"எழுத எனக்குத் தெரியாது."

"ஆரையும் கொண்டு எழுதலாம்."

"அவன் பட்டாளத்திலை துவக்கோடை நிக்கிறான். தாய் இப்பிடிச் செய்தவ எண்டு அங்கை அனுப்பச் சொல்லுறியோ? வரட்டும். வந்து பாம்பைப் பாக்கட்டும்."

அப்படியென்றால் பாம்பு அதுவரை உயிரோடு இருக்க வேண்டும். செத்தால் அவ கள்ளிதான். சொல்ல அவவிடம் வேறொன்றும் இல்லை.

மீன்காரன் அவவை வேலைக்கு எடுத்தான். காலமை மேசை கழுவி, ஐஸ் உடைத்து, மத்தியானம் நிலம் கழுவ வேண்டும். கை வெடித்து இரத்தம் வந்தது. குளிரில் நின்றுவிட்டு வந்து, கையைச் சூடாக்கமுதல் பெட்டியைப் பார்ப்பா.

பாம்பு தின்னவில்லை. மாசி முழுக்கத் தின்னவில்லை. எலியைக் காட்டினால் முகத்தைத் திருப்பியது. மன்னார் அண்ணையின் மனைவி, "அது தாயை நினைச்சு அழுது," என்றா. "பாம்புக்கு என்ன தாய்," என்றா அவ. ஆனால் அந்த மாசத்தில் அவவும் பாதிச் சாப்பாடுதான் சாப்பிட்டா. பாம்பைப் பிடித்தால் முள்ளந்தண்டு கையில் தட்டுப்பட்டது. எனக்குப் பயம் வந்தது. அவவிடம் சொல்லவில்லை.

அதுக்குள்தான் பல்ப் எரிந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை காலமை. கடை ஒன்றும் இல்லை. பூசைக்கு நேரமாகிவிட்டது. அவ பூசை விடமாட்டா. பாம்பைக் குளிரில் விடவும் மாட்டா. பாம்பைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மாதா கோயிலுக்கு வந்தா. கடைசி வாங்கில் நானும் அவவும். பக்கத்தில் ஒரு பலேர்மோக் கிழவி.

"எத்தனை மாதம்?" என்று கிழவி வயிற்றைப் பார்த்துக் கேட்டா.

"இது பாம்பு," என்றா அவ.

கிழவிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பூசையில் ஆளுக்காள் கை கொடுத்துச் சமாதானம் சொல்கிற நேரம் அவவின் கன்னத்தைத் தட்டிவிட்டா. அவவும் இடக்கையைக் கொடுத்தா. வலக்கை கோட்டுக்குள் இருந்தது.

வீட்டுக்கு வந்து மன்னார் அண்ணையின் அறைப் பல்பைக் கழற்றினா. அவர் இருட்டில் சேட்டுக்குப் பொத்தான் போட்டார். ஒன்று மாறிப் போட்டிருந்தார். ஆரும் சொல்லவில்லை.

பங்குனியில் ஒருநாள் பாம்பு தலையைத் தூக்கிப் பெட்டி முழுக்கத் தேடியது. பசி. அவ எலி வாங்கிக்கொண்டு வந்தா. அன்று வெள்ளிக்கிழமை.

யாழ்ப்பாணத்தாரின் மனைவி குசினி வாசலில் மறித்தா. "வெள்ளிக்கிழமை இந்த வீட்டிலை மச்சம் மாமிசம் இல்லை. நான் விளக்குக் கொளுத்திற நாள்."

மன்னார் அண்ணையின் மனைவியும் வந்தா. "தபசுகால வெள்ளி வேறை. எங்களுக்கும் இறைச்சி இல்லை."

ரெண்டு பேரும் ஒரு பக்கம் நின்றதை நான் அன்றுதான் கண்டேன்.

"பாம்பு ஞானஸ்நானமும் எடுக்கேல்லை. தீட்சையும் எடுக்கேல்லை," என்றா அவ. "ஒரு மாசத்துக்கு மேலை பட்டினி கிடந்தது. உங்கடை எந்தச் சாமி இவ்வளவு விரதம் பிடிக்கச் சொன்னது? விலகுங்கோ."

விலகினார்கள். யாழ்ப்பாணத்தாரின் மனைவி விளக்கைத் தூக்கி மற்ற அறையில் வைத்தா. ஆனால் கதவை முழுக்கச் சாத்தவில்லை. கொஞ்ச நேரத்தால், "திண்டிட்டுதோ?" என்று உள்ளேயிருந்து கேட்டா.

"திண்டிட்டுது."

"பால் வேணுமெண்டால் இருக்கு."

"பால் குடியாது. உமக்கு எத்தனை தரம் சொல்லுறது."

பிறகு அது நிறுத்தாமல் தின்றது.

ஐப்பசியில் பெடியன் பட்டாளத்தால் வந்தான். நான் படி கழுவிக்கொண்டு நின்றேன். தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தான். "அவ எங்கே?" என்று என்னைக் கேட்டான். கோபமாகத்தான் கேட்டான். கூட்டிக்கொண்டு போனேன்.

அவ பெட்டி மூடியைத் திறந்து காட்டினா. அவன் முழங்காலில் இருந்தான்.

"விற்கக் கொண்டு போனதெண்டு அம்மா எழுதினா," என்றான்.

"விக்கேல்லை."

"தெரியுது. நான் இப்ப கொண்டு போறன்."

"இல்லை," என்றா அவ. மூடியைப் போட்டா. "கள்ளி எண்டு சொன்னது நீ இல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு சந்தைக்கு வா. அவவுக்கு முன்னாலை தராசிலை நிறுத்துத் தாறன். பிறகு கொண்டு போ."

"அம்மா போர்கோ வெக்கியோவுக்கு வரமாட்டா."

"அப்ப பாம்பும் வராது."

அவன் என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலமை சிஞ்ஞோரா வந்தா. மீன்தண்ணி ஓடுகிற நிலத்தில் தோல் சப்பாத்தோடு, கைப்பையை நெஞ்சில் பிடித்துக்கொண்டு. பெடியன் பக்கத்தில். அவ ஏப்ரனோடு தலையணை உறையைத் தூக்கிக்கொண்டு நின்றா. வீட்டு ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மன்னார் அண்ணை வேலைக்கு லீவு போட்டிருந்தார்.

"இது மீன் நிறுக்கிற தராசு," என்றான் மீன்காரன்.

"மீனிட்டையும் கேக்காமல்தானே நிறுக்கிறாய்," என்றா அவ.

மீன்காரன் தராசுத் தட்டைத் துடைத்தான். முதலில் அதே மாதிரி வெறும் உறை ஒன்றைப் போட்டு, முள்ளைத் திருகிப் பூச்சியத்துக்குக் கொண்டு வந்தான். உறையை எடுத்தான்.

"போகேக்கை எவ்வளவு?" என்று அவ பெடியனைக் கேட்டா.

அவன் பாம்பின் நிறை எழுதி வைக்கிற கொப்பியைச் சட்டைப் பையால் எடுத்தான். போன வருசத்து ஐப்பசிப் பக்கத்தை வாசித்தான். "ஆயிரத்து முந்நூற்றிருபது கிராம்."

அவ பாம்பை உறையோடு தட்டில் வைத்தா. முள் ஓடி, ஆடி, நின்றது. மீன்காரன் வாயைத் திறந்தான். அவ கையைக் காட்டி அவனை நிறுத்தினா.

"நீ இல்லை. சிஞ்ஞோரா வாசிக்கட்டும்."

சிஞ்ஞோரா மகனைப் பார்த்தா. மகன் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிஞ்ஞோரா குனிந்து, சொண்டுக்குள் ஏதோ சொன்னா.

"கேக்கேல்லை," என்றா அவ.

பக்கத்துக் கடைக்காரர் கூவுகிறதை விட்டிட்டு நின்றார்கள். சிஞ்ஞோரா கைப்பையை மற்றக் கைக்கு மாற்றினா. திரும்ப வாசித்தா, எல்லாருக்கும் கேட்க.

"ஆயிரத்து அறுநூற்றைம்பது."